ஞானமணி சாரின் பதினைந்து நிமிடம்

போன மாதம் கார்த்திக் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு ஸ்டேஷன் கவுண்டரில் என் நாற்காலியில் உட்கார்ந்தவர். டிக்கெட் கொடுப்பது, மைக்கில் அறிவிப்பது, பலகையில் ரயில் வரும் நேரத்தைக் காட்டுவது என்று நான் செய்த மூன்று வேலைகளையும் இப்போது அவர் செய்கிறார். மூன்றையும் என்னைவிட நன்றாகச் செய்வதாகக் கேள்வி. அதைச் சொன்னவரும் அவர்தான்.

“அண்ணே, ஒரு சங்கடம். புது போர்டு வச்சிருக்காங்கள்ல? அது சரியான நேரத்தக் காட்டுதுண்ணே.”

“நல்லதுதானய்யா. அதுல என்ன சங்கடம்?”

“ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. நாலு நிமிஷத்துல வண்டி வருதுன்னு போர்டு காட்டுது. உக்காந்திருக்கவுக எல்லாம் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிர்றாக. வண்டி சொன்னபடி வந்துட்டுப் போயிருது. அப்புறம் எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கிறாக. ஏன் இப்படிப் பண்றீகன்னு கேட்டா, எல்லாரும் உங்க பேரத்தான்ணே சொல்றாக.”

முப்பது வருடம் வேலை பார்த்ததற்கு ஊரில் பெயர் நிலைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பலருக்கு இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

கார்த்திக் விஷயத்துக்கு வந்தார். ஸ்டேஷனில் ஒரு சின்னக் கூட்டம் ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். தினமும் வந்து போகிற பயணிகளைக் கூட்டி உட்காரவைத்து, பலகையை நம்பலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவன் நான். “நீங்க சொன்னாத்தாண்ணே எடுபடும். கெடுத்தவரே வந்து சொல்ற மாதிரி இருக்கும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த ஸ்டேஷன் மதுரைக்குத் தெற்கே, நகரம் முடிந்தும் முடியாமலும் இருக்கிற இடத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் பென்ஷன் வாங்குகிறவன். இரண்டு பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், எதிரே ஒரு டீக்கடை, அதையொட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. காலையில் தெற்கே போகிற பாசஞ்சரில் ஆசிரியர்கள், மில் தொழிலாளர்கள், நர்ஸுகள், தாலுகா ஆபீஸ்காரர்கள் என்று ஒரே முகங்கள்தான் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பரீட்சை எழுதினேன், தேறினேன், வெளியூரில் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே மைக்கில் பேசக் கற்றுக்கொடுத்தவர் என் குரலைக் கேட்டுவிட்டு, “தம்பி, ரயில் வருதுன்னு சொல்றியா, யாரோ தவறிட்டாங்கன்னு சொல்றியா?” என்றார். கடைசிவரை அந்தக் குரல் மாறவில்லை. நான் மைக்கைத் தட்டினாலே பிளாட்பாரத்தில் பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள்.

பயிற்சி முடிந்து வந்தபோது எங்கள் ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தவர் ஞானமணி சார். வெள்ளைச் சட்டை, முகத்தில் பவுடர், வியர்வை படாமலிருக்கக் காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை. மேஜையில் எப்போதும் ஒரு பிளாஸ்கில் சீரகத் தண்ணீர் இருக்கும். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. கண்ட்ரோலிலிருந்து போன் வந்தால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வார். கண்ட்ரோல் என்பது எல்லா ரயில்களும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்கிற அலுவலகம். அங்கே இருப்பவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். “சொல்லுங்க சார்... சரிங்க சார்...” என்று ஞானமணி சார் அந்தச் சத்தத்துக்கு விசிறி வீசுவதுபோல் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்போது எங்களிடம் இருந்தது கரும்பலகை. நான் சேர்ந்த அன்று சாக்பீஸோடு போய் அதன் முன்னால் நின்றேன். ரயிலின் பெயர், வரும் நேரம் எல்லாம் எழுத இடம் விட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் ‘நிமிடம் தாமதம்’ என்பதை மட்டும் வெள்ளைப் பெயிண்டில் அழியாமல் எழுதி வைத்திருந்தார்கள். எண்ணை மட்டும்தான் நாம் போட வேண்டும். ‘சரியான நேரம்’ என்று எழுத அந்தப் பலகையில் இடமே கிடையாது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே என் அறிவைக் காட்டினேன். வண்டியூரில் தெப்பத் திருவிழா பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற கூட்டம், குழந்தையும் குட்டியுமாகப் பிளாட்பாரம் நிறைய உட்கார்ந்திருந்தது. கண்ட்ரோலில் இரண்டு மணி நேரம் லேட் என்றார்கள். நான் நல்ல பிள்ளையாகப் போய் 120 என்று பெரிதாக எழுதினேன். கைத்தூசியைத் தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மொத்தக் கூட்டமும் கவுண்டருக்கு வந்துவிட்டது. ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். ஒருவர் என் படிப்பைப் பற்றி விசாரித்தார். ஒரு அம்மா நேராகப் பலகைக்குப் போய், நான் எழுதியதை முந்தானையால் அழித்துவிட்டு வந்து, “இப்பச் சொல்லு, எம்புட்டு?” என்றார்.

ஞானமணி சார் எழுந்து வந்தார். கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிப் பலகையில் 15 என்று எழுதினார். அவ்வளவுதான். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டது. பதினைந்து நிமிடம் கழித்து அவரே போய் அந்தப் பதினைந்தை அழித்துவிட்டு மறுபடி பதினைந்து என்று எழுதினார். இப்படியே எட்டு முறை. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் பலகையைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், கடலையைக் கொறித்தார்கள். ரயில் வந்தபோது சிலர் கைதட்டினார்கள்.

“தம்பி, ரெண்டு மணி நேரத்த யாராலயும் தாங்க முடியாது. பதினஞ்சு நிமிஷத்த யாரு வேணும்னாலும் தாங்குவாங்க” என்றார் என்னிடம், சீரகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே.

அதுதான் எங்கள் ஸ்டேஷன் நடைமுறை. கண்ட்ரோல் என்ன சொன்னாலும் பலகைக்குப் போகும்போது பதினைந்தாகிவிடும். நான் முதலில் முறைத்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு தவணை முறையில் பொய் சொல்வதா என்று வீட்டில் புலம்பினேன். பிறகு பழகிவிட்டேன். பழகியதோடு நிற்காமல் அவரைவிடத் தேர்ந்துவிட்டேன் என்றும் சொல்வார்கள். அவராவது எண்ணை அழித்துவிட்டு எழுதுவார். நான் அழிக்கிறமாதிரி துணியை ஆட்டிவிட்டு, இருக்கிற பதினைந்தின் மேலேயே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுவேன்.

பயணிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பலகையில் பதினைந்து என்றால் அரை மணி என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ரொம்பப் பழகியவர்கள் பலகையைப் பார்க்கவே மாட்டார்கள். நேராக ஜன்னலுக்கு வந்து, “அண்ணே, நெச நேரம் எம்புட்டு?” என்பார்கள். நான் குரலைத் தாழ்த்திச் சொல்வேன்.

இந்தக் கணக்கு என் வீடுவரை வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று நான் போன் செய்தால், என் மனைவி முத்துலட்சுமி தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவாள். “உங்க ஸ்டேஷன் பத்துதான? இருக்கட்டும்” என்பாள். என் பெண்ணின் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு முறை சொன்ன நேரத்துக்கே போய்விட்டேன். எனக்கு நாற்காலி போட்டு வைக்கவில்லை.

பிறகு எலக்ட்ரானிக் பலகை வந்தது. சிவப்பு எழுத்து ஓடும். என் மேஜையில் ஒரு கீபோர்டு வைத்தார்கள், அதில் எண்ணை அடித்தால் பலகையில் வரும். பூ மாலை போட்டுத் திறந்து வைத்தார்கள். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. நான் முதல் எண்ணை அடித்தேன். பளிச்சென்று சிவப்பில் 15 ஓடியது. கூட்டத்தில் யாரோ, “பல்பு மாறிப்போச்சு, பதினஞ்சு மாறல” என்றார். திறந்து வைக்க வந்த அதிகாரி, அவர்களுக்குள் ஏதோ உள்ளூர் விஷயம் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

அந்தக் காலத்துப் பயணிகளில் ஒருத்திதான் செல்வி. குடும்பம் பேரையூர்ப் பக்கம். அங்கே அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த அப்பா, இவளைப் படிக்கவைப்பதற்காக மதுரைக்கு வந்து மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். செல்வி டீச்சர் படிப்பு முடித்து, தெற்கே ஒரு சின்ன ஊரில் தனியார் பள்ளியில் வேலை பார்த்தாள். அவர்கள் கொடுத்த சம்பளத்தைச் சொன்னால் நமக்குத்தான் வெட்கம். தினமும் காலை பாசஞ்சரில் போவாள். ஜன்னலுக்கு வந்து சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, “அண்ணே, போர்டு நேரமா, உங்க நேரமா?” என்று சிரிப்பாள்.

ஒரு நாள் சில்லறையோடு ஒரு இனிப்பையும் வைத்தாள். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதியிருந்தாளாம். சான்றிதழ் சரிபார்க்கத் திருநெல்வேலிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். “அடுத்த வாரம்ணே. மதியத்துக்குள்ள போயிரணும். நாம போகலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமாம்.” அவர்கள் குடும்பத்தில் அரசாங்க வேலையின் வாசல்வரை போகிற முதல் ஆள் அவள்தான். அவள் அப்பா ஒரு வாரமாக மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அந்த இனிப்பை ஞானமணி சாருக்குப் பாதி கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வாரத்துக்குள் இரண்டு காரியம் நடந்தது. பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். எங்களுக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பயணிகளுக்கு இனிமேல் சரியான நேரத்தை மட்டும்தான் காட்ட வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று. ஞானமணி சார் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாவது முறையும் படித்தார்.

“சரி தம்பி. நெசத்தையே போடு. ஆனா என்ன நடக்குதுன்னு பாரு” என்றார்.

செல்வி திருநெல்வேலி போக வேண்டிய நாள் காலையில் பஸ் ஓடவில்லை. பிளாட்பாரத்தில் நல்ல கூட்டம். கண்ட்ரோலில் கேட்டேன். பாசஞ்சர் இருபது நிமிடம் லேட் என்றார்கள். வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, என் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக, பலகையில் உண்மையைப் போட்டேன். 20. அடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டை காலரைக்கூடத் தூக்கிவிட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

பிளாட்பாரத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. இத்தனை வருடத்தில் பதினைந்தைத் தாண்டியறியாத பலகை அது. அதுவே இருபது என்று ஒப்புக்கொள்கிறது என்றால் ரயில் எங்கேயோ கவிழ்ந்துதான் கிடக்க வேண்டும் என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். “இன்னைக்கு மதியந்தான் மாப்ள” என்று ஒருவர் சொல்வது என் காதில் விழுந்தது. கூட்டம் கூட்டமாக எழுந்து டீக்கடைக்குப் போனார்கள். சிலர் இட்லிக்கே போனார்கள்.

செல்வி ஜன்னலுக்கு வந்தாள். புதுச் சேலை, நெஞ்சோடு அணைத்த ஃபைல்.

“என்னண்ணே, இருபதுன்னு போட்டிருக்கீக? தண்டவாளம் எதுவும் பேந்துருச்சா?”

“இல்லம்மா. நெசமாவே இருபதுதான். வந்துரும்.”

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஞானமணி சார் நின்றுகொண்டிருந்தார். “சரிண்ணே, சரிண்ணே. சார் நிக்கிறாரு, புரியுது” என்று கண்ணைச் சிமிட்டினாள். “ஒரு செட்டு ஜெராக்ஸ் கொறையுது. எடுத்துட்டு, ரெண்டு இட்லியும் சாப்ட்டு வாரேன்.”

“ஏம்மா, நில்லு! நெசம்மா!” என்று நான் கத்தினேன். என் குரல்தான் தெரியுமே. நான் எதைக் கத்தினாலும் கெட்ட செய்தியாகத்தான் கேட்கும்.

மைக்கை எடுத்தேன். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பாசஞ்சர் ரயில் இன்னும் சிறிது நேரத்தில்... அய்யா, நெசமாவே வருதய்யா, வந்துருங்க!” எதிரே டீக்கடையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. “இன்னைக்கு அண்ணன் நல்ல மூடுல இருக்காரு” என்று ஒருவர் கண்ணாடி டம்ளரை என் பக்கம் தூக்கிக் காட்டினார்.

சொன்ன நேரத்துக்கு ரயில் வந்தது. பாதிக்கு மேல் காலியாக இருந்த பிளாட்பாரத்தில் நின்றது. டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் ஏறினார்கள். மீதிப் பேர் ரோட்டில் இருக்கும்போதே அது கிளம்பிவிட்டது. விட்டவர்கள் மொத்தமாக என் ஜன்னலுக்கு வந்தார்கள்.

“ஏண்ணே, உங்களுக்கு அறிவிருக்கா? எப்பவும் போல போட்டிருந்தா ஒழுங்கா ஏறியிருப்போம்ல!”

“இருபதுன்னு சொல்லிட்டு இருபது நிமிஷத்துலயே வந்தா என்ன அர்த்தம்?”

உண்மையைச் சொன்னதற்காக இப்படித் திட்டு வாங்கியவன் ரயில்வேயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கூட்டத்துக்குப் பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஜெராக்ஸ் தாள்கள். அழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

“நீங்க எங்கிட்ட ஒரு நாளும் பொய் சொன்னதில்லண்ணே. நாந்தான் நம்பல” என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ் இல்லை. அடுத்த ரயிலில் போனால் சாயங்காலம் ஆகிவிடும். கார் வைத்துக்கொண்டு போக அவர்களுக்கு வசதி ஏது?

உள்ளே ஞானமணி சார் போனில் இருந்தார். முதல் முறையாக ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, வண்டி அடுத்த ஸ்டேஷன்ல நிக்கும். கிராஸிங்.” அப்போது எங்கள் பக்கம் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால், அது கடந்து போகும்வரை பாசஞ்சர் ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். “உன் வண்டியில அந்தப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போ. கவுண்டர நான் பாத்துக்கிறேன்.”

“எம்புட்டு நேரம் சார் நிக்கும்?”

“பதினஞ்சு நிமிஷம்.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அந்த வாயிலிருந்து வேறு எண்ணே வந்து நான் கேட்டதில்லை. இது எந்தப் பதினைந்து? நிஜப் பதினைந்தா, பலகைப் பதினைந்தா? கேட்க நேரமில்லை. வெளியே ஓடி என் டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்தேன். அது நாலு உதைக்குப் பிறகுதான் கிளம்பும். அன்றும் முறை தவறவில்லை. செல்வி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தபோது, ஞானமணி சார் கவுண்டர் ஜன்னலில் உட்கார்ந்து, ரயிலை விட்ட கூட்டத்திடம், “அடுத்த வண்டி பதினஞ்சு நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் நிம்மதியாகக் கலைந்து டீக்கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

வேகமாக ஓட்டினேன் என்று எழுத ஆசைதான். ஒரு மாட்டு வண்டியை முந்தினேன், ஒரு சைக்கிள்காரர் என்னை முந்தினார் என்பதுதான் நடந்தது. பாதி வழியில் ரயில்வே கேட். மூடியிருந்தது.

 ரயில்வேக்காரனுக்கு மூடிய கேட் ஒரு செய்தி. எதிரே ரயில் வருகிறது. அப்படியானால் எக்ஸ்பிரஸ் அடுத்த ஸ்டேஷனைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. அது தாண்டிவிட்டது என்றால், ஒதுங்கி நின்ற பாசஞ்சருக்குச் சிக்னல் விழுந்திருக்கும். இந்நேரம் கிளம்பியும் இருக்கும். எல்லாம் முடிந்தது.

செல்விக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பின்னாலிருந்து, “இன்னும் எம்புட்டு நேரம்ணே இருக்கு?” என்றாள்.

 ஒரு வாரமாக மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டு திரிகிற அவள் அப்பா கண்முன் வந்து நின்றார். திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

“பதினஞ்சு நிமிஷம்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கே தெரிந்தது. இத்தனை வருடம் அந்த மனிதரை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! ஜனங்களை ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். எதிரில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் போலிருக்கிறது. எனக்கும் வரவில்லை.

ரயில் வந்தது. எக்ஸ்பிரஸ் இல்லை. கூட்ஸ். பாசஞ்சர் போய்ச் சேர்வதற்காக அடுத்த ஸ்டேஷனில் காத்துக் கிடந்த கூட்ஸ் அது. பாசஞ்சர் வந்ததும் அதைக் கிளப்பி விட்டிருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் இன்னும் வரவேயில்லை. தினமும் என் ஜன்னலைத் தாண்டித்தான் அந்தக் கூட்ஸ் போகும். ஆபத்துக்கு அது நினைவுக்கு வரவில்லை. இவ்வளவு பெரிய அனுபவசாலி நான். சிமெண்ட் தூசி படிந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தன. அதற்குமுன் எந்தக் கூட்ஸையும் நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

அடுத்த ஸ்டேஷனை நாங்கள் அடைந்தபோது எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போய்க்கொண்டிருந்தது. பாசஞ்சர் அந்தப் பக்கம் நின்றது. செல்வி சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாலத்தின் படியில் ஏறி ஓடினாள். ஊதல் கேட்டது. யாரோ கதவிலிருந்து கை நீட்டி அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ரயில் நகர்ந்த பிறகு ஒரு ஜன்னலிலிருந்து அந்த ஃபைல் ஆடியது. நான் பதிலுக்குக் கையை ஆட்டினேன். ஆட்டியது தப்பான பெட்டியைப் பார்த்து என்று அவள் பிறகு சொன்னாள்.

திரும்பி வரும்போது பெட்ரோல் தீர்ந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தேன். ஞானமணி சார் எனக்கு ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“சார், அது நெசமாவே பதினஞ்சு நிமிஷமா?”

“யாருக்குத் தெரியும்? கண்ட்ரோல்ல அரை மணின்னான். அவன் பேச்ச நம்ப முடியுமா? பாதியாக்கிச் சொன்னேன். அரை மணின்னு சொன்னா நீ தலை சீவிட்டுப் போவ.”

பயணிகள் எங்கள் எண்ணை இரண்டால் பெருக்கினார்கள். நாங்கள் மேலே இருப்பவர்களின் எண்ணை இரண்டால் வகுத்தோம். இப்படித்தான் ரயில்கள் ஓடின. மறுநாள் பலகையில் பழையபடி பதினைந்து வந்தது. உத்தரவை ஞானமணி சார் பத்திரமாக ஃபைல் செய்தார். அதற்குப் பிறகு ஒருவரும் ரயிலைத் தவறவிடவில்லை. சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். அவர் சாவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, “பதினஞ்சு நிமிஷத்துல தூக்கிருவோம்” என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

செல்விக்கு வேலை கிடைத்தது. ஆர்டரோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். இப்போது அதே ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பள்ளியில் தலைமை ஆசிரியை. கார்த்திக் ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு அவள்தான் தலைமை என்று தெரிந்ததும், போகலாமா வேண்டாமா என்றிருந்த நான் போவதென்று முடிவு செய்தேன்.

பேச்சைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ‘பலகையை நம்புங்கள். அது மனிதனைப் போல இரக்கப்படாது. ஆகவே பொய் சொல்லாது’ என்று ஒரு வரி. எனக்கே பிடித்திருந்தது. தல்லாகுளத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பினேன். பஸ்ஸிலேயே போயிருக்கலாம். ஆனால் ரயில்வே பென்ஷன்காரன், இலவசப் பாஸ் வைத்திருக்கிறவன் பஸ்ஸில் போவானா? மதுரையின் பெரிய ஸ்டேஷனுக்குப் போனேன். பளபளவென்று பலகை. என் ரயில் ஆறு நிமிடத்தில் என்று காட்டியது.

ஆறா? சரிதான் என்று மனசு சொன்னது. இரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு. வெளியே சூடாகப் பருத்திப்பால் கிடைக்கும். போனேன். நிதானமாக ஊதி ஊதிக் குடித்தேன். பேச்சை ஒரு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். திரும்பி வந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பலகை அடுத்த ரயிலின் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த ரயிலுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. கார்த்திக் எண். எடுத்தால் செல்வியின் குரல்.

“அண்ணே, கூட்டமெல்லாம் வந்து உக்காந்திருச்சு. எங்க இருக்கீக? ரயில்லருந்து நீங்க எறங்கலையே?”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“இந்தா வந்துட்டேம்மா. பதினஞ்சு நிமிஷம்.”

 அவள் கேட்டாள்.

“அன்னைக்கு கேட்டுல நின்னுக்கிட்டுச் சொன்னீகளே, அந்தப் பதினஞ்சாண்ணே?”

 இவ்வளவு வருடமாக அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

“பதட்டப்படாம மெல்ல வாங்கண்ணே” என்றாள். பிறகு போனைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அண்ணன் பதினஞ்சு நிமிஷத்துல வாராராம். எல்லாரும் போயி டீ குடிச்சிட்டு வந்துருங்க.”